நான் திருப்பாத சாவி: ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்குத் திறந்த மடல்

மோட்டார் வாகன இழப்பீட்டுப் பிரிவின் தலைமை அதிகாரி அவர்களுக்கு,

2024 பிப்ரவரி 12 தேதியிட்ட உங்கள் கடிதத்தில், நான் செய்யாத ஒரு செயலை நான் செய்ததாக எழுதியிருக்கிறீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் மூழ்கிய என் காரை நான் ஸ்டார்ட் செய்ய முயன்றேன் என்றும், அதனால் இன்ஜினுக்குள் நீர் புகுந்து அது இறுகிவிட்டது என்றும், ஆகவே இன்ஜின் சேதம் வெள்ளத்தால் நேரடியாக வந்ததல்ல, பாலிசியில் விலக்கப்பட்ட ‘தொடர்விளைவு இழப்பு’ என்றும் அந்தக் கடிதம் கூறுகிறது. ஒர்க்‌ஷாப் கொடுத்த எஸ்டிமேட் 2,84,600 ரூபாய். நீங்கள் தர ஒப்புக்கொண்டது இருக்கைகளுக்கும் தரைவிரிப்புக்கும் உட்புறச் சுத்திகரிப்புக்குமாக 31,200 ரூபாய். அதையும் முழுத் தீர்வாக ஏற்றுக் கையெழுத்திட்டால்தான் தருவதாகச் சொல்லிவிட்டீர்கள். பதிவு அஞ்சல் ஒன்றும் மின்னஞ்சல்கள் மூன்றும் அனுப்பியும் உங்கள் அலுவலகத்திலிருந்து ‘நிலைப்பாட்டில் மாற்றம் இல்லை’ என்ற இரண்டு வரிகளுக்கு மேல் பதில் வராததால், 2024 நவம்பரில் இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

மறுப்புக் கடிதத்தின் இரண்டாம் பத்தியை முதலில் நீங்களே ஒருமுறை வாசிக்க வேண்டும். ‘வாடிக்கையாளர் டீசல் இன்ஜினை வெள்ளநீரில் இயக்க முயன்றதன் விளைவாக’ என்று அது தொடங்குகிறது. என் கார் பெட்ரோல் கார். பதிவுச் சான்றிதழிலும், நீங்கள் வழங்கிய பாலிசியின் முதல் பக்கத்திலும், சேதத்தை மதிப்பிட வந்த உங்கள் சர்வேயர் நிரப்பிய படிவத்திலும் பெட்ரோல் என்றே இருக்கிறது. அந்த டீசல் எங்கிருந்து வந்தது என்பது எனக்கு மார்ச் மாதம்தான் தெரியவந்தது. எங்கள் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் உங்கள் வாடிக்கையாளர்தான். அவருடைய கார் டீசல் கார். அவருக்கு வந்த கடிதத்தையும் எனக்கு வந்த கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். பெயர், வண்டி எண், கோரிக்கை எண் நீங்கலாக இரண்டாம் பத்தி எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே இருந்தது. அவரும் காரை ஸ்டார்ட் செய்ய முயன்றதாகத்தான் அதிலும் எழுதியிருக்கிறது. ஆனால் நவம்பர் 30 முதல் டிசம்பர் 9 வரை அவர் கோயம்புத்தூரில் மகள் வீட்டில் இருந்தார். காரின் இரண்டு சாவிகளும் அவருடைய பையிலேயே இருந்தன. இதை எழுத அவர் ஒப்புதல் தந்திருக்கிறார். ரயில் டிக்கெட்டுகளையும் உங்களுக்கு அனுப்பிவிட்டார்.

ஒருவர் மீது இப்படி ஒரு குற்றச்சாட்டை வைப்பவர்கள், அவருடைய வண்டியில் எந்த எரிபொருள் ஓடுகிறது என்பதையாவது பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை என்பதற்கு உங்கள் கடிதமே சான்று.

இனி, நடந்ததைச் சொல்கிறேன். நாங்கள் இருப்பது சென்னையில் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டிய பகுதி. 2015 டிசம்பர் வெள்ளத்தில் என்னிடம் ஒரு பழைய கார் இருந்தது. தண்ணீர் வடிந்த அன்றே, ஓடுகிறதா பார்ப்போம் என்று சாவியைத் திருப்பினேன். உள்ளே ஏதோ முறிந்ததுபோல ஒரே ஒரு சத்தம். அத்தோடு அந்த இன்ஜின் கதை முடிந்தது. அதைப் பிரித்த மெக்கானிக், பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்திருந்ததை என் கையில் கொடுத்து விளக்கினார். பிஸ்டன் காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் நிற்கும்போது இன்ஜினைச் சுழற்றினால் தண்ணீர் சுருங்காது, இரும்புதான் வளையும். அந்த ராடு இன்னும் என் வீட்டில் இருக்கிறது. அன்று நான் இழப்பீடு கேட்கவில்லை, ஏனென்றால் தவறு என்னுடையது என்று எனக்குத் தெரிந்திருந்தது. வெள்ளத்தில் நின்ற காரின் சாவியைத் தொடக் கூடாது என்பதை எட்டு ஆண்டுகளுக்கு முன்பே பணம் கொடுத்துக் கற்றுக்கொண்டவன் நான்.

2023 டிசம்பர் 4, திங்கட்கிழமை. இரவெல்லாம் மழை. விடியற்காலை ஐந்தரை மணிக்கு நான் கீழே இறங்கியபோது, வாகன நிறுத்துமிடத்தில் தண்ணீர் கணுக்காலுக்கு வந்திருந்தது. வெளிச் சாலையில் அதைவிட ஆழம். காரை வெளியே எடுத்தால் சாலையின் ஆழமான தண்ணீரில்தான் இறக்க வேண்டும் என்பதால் எடுக்கவில்லை. பானெட்டைத் திறந்து, பத்தாம் நம்பர் ஸ்பேனரால் பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றினேன். கழற்றிய வயர் மீண்டும் பேட்டரியில் பட்டுவிடாமல் இருக்க, பழைய பச்சைத் துண்டு ஒன்றிலிருந்து ஒரு கீற்றைக் கிழித்து அதன் முனையைச் சுற்றி இரண்டு முடிச்சு போட்டேன். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு செய்த வேலை என்பதால் முடிச்சு அழகாக இல்லை. அதைக் கைபேசியில் படம் எடுத்தேன். படத்தில் பதிவான நேரம் 5.52. மதியத்துக்குள் தண்ணீர் டேஷ்போர்டுக்கு மேல் ஏறிவிட்டது. இரண்டு நாட்கள் அப்படியே நின்றது. மின்சாரமும் இல்லை, கைபேசித் தொடர்பும் இல்லை. டிசம்பர் 7 அன்று சிக்னல் கிடைத்ததும் நான் செய்த இரண்டாவது அழைப்பு உங்கள் கட்டணமில்லா எண்ணுக்குத்தான். எதிர்முனையில் பேசியவர், வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள், சர்வேயர் பார்க்கும் வரை எந்தப் பாகத்தையும் பிரிக்காதீர்கள் என்று சொன்னார். அவர் சொன்னது சரி. அதன்படியே நடந்தேன்.

அந்த 5.52 மணிப் படத்தை வைத்து மட்டும் நான் வாதிடவில்லை. அதற்குப் பிறகு நான் வயரை மீண்டும் மாட்டியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். டிசம்பர் 10 அன்று இழுவை வண்டியில் ஏற்றும்போது எடுத்த வீடியோவில் பானெட் திறந்திருக்கிறது. பச்சைத் துணி சேற்று நிறத்தில், அதே இரண்டு முடிச்சோடு, வயரின் முனையில் இருக்கிறது. டிசம்பர் 23 அன்று உங்கள் சர்வேயர் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தபோதும் அது அங்கேயே இருந்தது. அவர் என் கண்முன்னால் பானெட்டைத் திறந்து படங்கள் எடுத்தார். ‘இது என்ன துணி?’ என்று கேட்டார், விளக்கினேன். அதாவது, நான் சாவியைத் திருப்பவில்லை, திருப்பியிருந்தாலும் ஸ்டார்ட்டர் சுற்றியிருக்காது என்பதற்கான சான்று உங்கள் கோப்பிலேயே, உங்கள் ஆள் எடுத்த படங்களிலேயே இருக்கிறது. ஆகவேதான் சர்வே அறிக்கையின் நகலையும் படங்களையும் மூன்று முறை கேட்டேன். இதுவரை ஒன்றும் வரவில்லை. பாலிசிதாரர் கேட்டால் சர்வே அறிக்கையின் நகலைத் தர வேண்டும் என்பது நான் உங்களிடம் கேட்கும் சலுகை அல்ல. காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையத்தின் விதி.

எதை வைத்து நீங்கள் என்னைக் குற்றம் சாட்டினீர்கள் என்று தேடியதில் எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு வரி. ஒர்க்‌ஷாப்பின் ஜாப் கார்டில், அதாவது வண்டியை வாங்கும்போது எழுதும் வேலைச்சீட்டில், ‘வாடிக்கையாளர் கூறும் குறை’ என்ற கட்டத்தில் ‘ஸ்டார்ட் ஆகவில்லை’ என்று எழுதியிருக்கிறது. அதை எழுதியது நான் அல்ல. இழுவை வண்டியில் வந்த எல்லாக் கார்களுக்கும் அன்று வரவேற்பில் இருந்த ஊழியர் அதையே எழுதினார். சர்வீஸ் மேலாளர் இதை எழுத்தில் தந்திருக்கிறார்; அந்தக் கடிதமும் ஏப்ரல் முதல் உங்களிடம் இருக்கிறது. ‘ஸ்டார்ட் ஆகவில்லை’ என்பது வண்டியின் நிலை. ‘ஸ்டார்ட் செய்ய முயன்றார்’ என்பது ஒரு மனிதரின் செயல். முன்னதைப் பின்னதாக வாசித்து இரண்டரை லட்சம் ரூபாய்க்கும் மேலான செலவை ஒரு குடும்பத்தின் தலையில் இறக்கிவைக்க உங்களுக்கு உரிமை இல்லை.

இன்ஜினுக்குள் இருந்ததும் உங்கள் கடிதத்துக்கு எதிராகத்தான் பேசுகிறது. 2024 ஜனவரி 9 அன்று, உங்கள் அலுவலகம் மின்னஞ்சலில் அனுமதி அளித்த பிறகு, இன்ஜின் பிரிக்கப்பட்டது. சர்வேயருக்கு இரண்டு நாட்கள் முன்னதாகவே தகவல் போயிருந்தது; அவர் வரவில்லை. நான் இருந்தேன். நான்கு கனெக்டிங் ராடுகளையும் மெக்கானிக் துடைத்து, ஒரு சமதளத் தகட்டின் மேல் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றாக அளந்து காட்டினார். நான்கும் நேராக இருந்தன. பிஸ்டன்களில் உடைப்பு இல்லை, சிலிண்டர் ஹெட்டில் விரிசல் இல்லை. இருந்ததெல்லாம் துரு. சிலிண்டர் சுவர்களில் விரல் வைத்தால் செம்மண்ணைத் தொட்டதுபோல ஒட்டிக்கொண்டு வந்தது. இரண்டாம் சிலிண்டரில் ரிங்குகள் பிஸ்டனோடு இறுகிப் போயிருந்தன. ஆயிலில் தண்ணீர் கலந்து மோர்போல வெளுத்திருந்தது. நீரில் நின்றதால் இ.சி.யு. என்கிற கட்டுப்பாட்டுக் கணினியும் செத்துவிட்டது. இயக்க முயன்றதால் இறுகிப்போன இன்ஜின் என்றால் அந்த விசையின் தடம் ஏதாவது ஒரு பாகத்தில் இருக்க வேண்டும். இங்கே கண்டது தண்ணீர் உள்ளே போய் நின்று, நாட்கணக்கில் தங்கி, இரும்பை அரித்ததன் தடம். பாகங்கள் அனைத்தும் எண் எழுதி, ஆயில் தடவி, ஒரு மரப்பெட்டியில் இன்னும் ஒர்க்‌ஷாப்பிலேயே இருக்கின்றன. உங்களுக்கு ஐயம் இருந்தால் இன்றைக்கும் போய்ப் பார்க்கலாம்.

அந்தத் துருவில் உங்கள் பங்கும் இருக்கிறது என்பதைச் சொல்லாமல் விட என்னால் முடியவில்லை. நீரில் மூழ்கிய இன்ஜினை எவ்வளவு சீக்கிரம் பிரித்து, தண்ணீரை வெளியேற்றி, ஆயில் போட்டு வைக்கிறோமோ அவ்வளவுக்கு அது தப்பும் என்பது எந்த மெக்கானிக்கும் சொல்லும் பாடம். நான் டிசம்பர் 7 அன்று தகவல் கொடுத்தேன். அப்போது நடப்பில் இருந்த ஆணையத்தின் 2017-ஆம் ஆண்டுப் பாலிசிதாரர் நலப் பாதுகாப்பு விதிகளின்படி, தகவல் கிடைத்த 72 மணி நேரத்துக்குள் சர்வேயர் நியமிக்கப்பட வேண்டும். உங்கள் சர்வேயர் வந்தது பதினாறு நாட்கள் கழித்து. வெள்ளத்தில் ஆயிரக்கணக்கான வண்டிகள் மூழ்கின, ஆட்கள் போதவில்லை என்றால் அதைப் புரிந்துகொள்ள முடியும். நானும் அந்த நகரத்தில்தான் இருந்தேன். ஆனால் அப்படியென்றால், பிரித்துச் சுத்தம் செய்யுங்கள், படம் எடுத்து வையுங்கள் என்று ஒரு வரி எழுதி அனுப்பியிருக்கலாம். டிசம்பர் 11, 14, 18 ஆகிய மூன்று நாட்களும் நான் தொலைபேசியில் அதைத்தான் கேட்டேன். மூன்று முறையும், தொடக் கூடாது, தொட்டால் கிளெய்ம் செல்லாது என்ற பதிலே வந்தது. தொடாதே என்று சொல்லிவிட்டு, தொடாமல் விட்டதால் கூடிய சேதத்துக்குப் பொறுப்பில்லை என்றும் சொல்வது எந்த நியாயத்தில் சேரும்?

பாலிசியின் வாசகத்துக்கு வருகிறேன். நீங்கள் அதன் பேரில்தான் மறுத்திருக்கிறீர்கள். எனவே அதையே வைத்துப் பேசுவோம். 2002-இல் வந்த, மோட்டார் பாலிசிகளுக்கான பொது விதித்தொகுப்பான இந்திய மோட்டார் டாரிஃபின் அடிப்படையில் அமைந்த உங்கள் பாலிசியின் முதல் பிரிவு, எந்தெந்த ஆபத்துகளால் வண்டிக்கு ஏற்படும் சேதத்தை ஈடுசெய்வீர்கள் என்று பட்டியலிடுகிறது: தீ, இடி மின்னல், திருட்டு, கலவரம், நிலநடுக்கம் என்று போகும் அந்த வரிசையில் வெள்ளமும் புயலும் பெயர் சொல்லி இடம்பெற்றிருக்கின்றன. அதன் கீழே விலக்குகள் வருகின்றன; தொடர்விளைவு இழப்பு, தேய்மானம், இயந்திரப் பழுது முதலியவை. நின்றுகொண்டிருந்த வண்டிக்குள் வெள்ளம் புகுந்து இன்ஜினைக் கெடுத்தது என்றால் அது வெள்ளத்தின் நேர்விளைவு. வெள்ளம் இருக்கைக்குள் புகுந்தால் நேரடிச் சேதம், அதே வெள்ளம் ஒரு முழம் முன்னால் இருக்கும் இன்ஜினுக்குள் புகுந்தால் தொடர்விளைவு என்று உங்கள் பாலிசியில் எங்கும் எழுதியிருக்கவில்லை. கார் இல்லாமல் இந்தப் பதினோரு மாதங்கள் ஆட்டோவுக்கும் வாடகை வண்டிக்கும் நான் கொடுத்த பணம் இருக்கிறதே, அதுதான் தொடர்விளைவு இழப்பு. அதை நான் உங்களிடம் கேட்கவே இல்லை.

இன்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் இணைப்பை நான் வாங்கவில்லை என்பதை உங்கள் அலுவலர் ஒருவர் தொலைபேசியில் சுட்டிக்காட்டினார். உண்மை, வாங்கவில்லை, மறைக்கவும் இல்லை. தேங்கிய நீரில் வண்டியை ஓட்டி, அல்லது நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து இன்ஜினைக் கெடுத்துக்கொண்டவர்களுக்கு அந்த இணைப்பு தேவைப்படும். 2015-இல் நான் செய்த தவறுக்கு அது பயன்பட்டிருக்கும். அடிப்படைப் பாலிசியிலேயே பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்ட ஓர் ஆபத்தை, கூடுதல் இணைப்பு ஒன்றை விற்கத் தொடங்கியதாலேயே அடிப்படைப் பாலிசியிலிருந்து எடுத்துவிட முடியாது. மேலும், உங்கள் மறுப்புக் கடிதத்தில் இந்த இணைப்பைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. மறுப்புக் கடிதத்தில் சொல்லாத காரணத்தைக் காப்பீட்டு நிறுவனம் பின்னால் கொண்டுவர முடியாது என்று 2016-லும் 2019-லும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. விலக்கு விதியின் கீழ் வருகிறது என்று சொல்பவர்தான் அதை மெய்ப்பிக்க வேண்டும், அந்தப் பொறுப்பு நிறுவனத்துடையது, வாடிக்கையாளருடையது அல்ல என்பதும் 2007-லிருந்து 2023 வரை அந்த நீதிமன்றம் மீண்டும் மீண்டும் சொல்லிவருவது. சர்வேயரின் அறிக்கை முக்கியமானதுதான், ஆனால் அதுவே இறுதிச் சொல் அல்ல என்றும் 2009-இல் அது தெளிவுபடுத்தியிருக்கிறது. நான் வழக்கறிஞர் அல்ல. ஒரு பள்ளி ஆய்வகத்தில் உதவியாளராக இருக்கிறேன். இவற்றையெல்லாம் இரவு நேரங்களில் உட்கார்ந்து படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலைக்கு என்னைத் தள்ளியது உங்கள் கடிதம்.

காரை முன்னதாகவே பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுபோயிருக்க வேண்டும், அதாவது நியாயமான முன்னெச்சரிக்கை எடுக்கவில்லை என்றும் அதே அலுவலர் சொன்னார். எந்த இடத்துக்கு? 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்தவுடன் வேளச்சேரி மேம்பாலத்தின் மேல் மக்கள் வரிசையாகக் கார்களை நிறுத்திவிட்டு வீட்டுக்கு நடந்து போனதை நாடே பார்த்தது. சாலையில் நிறுத்தினால் அபராதம் வரலாம், இரவில் யாராவது மோதலாம், திருடலாம் என்று தெரிந்தும் அங்கே நிறுத்தினார்கள். அந்தக் கார்களில் பலவற்றுக்கு முழுக் காப்பீடு இருந்திருக்கும். வெள்ளம் வந்தால் நிறுவனம் பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை அவர்களிடம் ஏன் இல்லை என்பதை உங்கள் துறையில் இருக்கும் ஒவ்வொருவரும் யோசிக்க வேண்டும். பேட்டரியைக் கழற்றி வைத்தது முன்னெச்சரிக்கை இல்லையென்றால் வேறு எது முன்னெச்சரிக்கை என்று எனக்கு எழுத்தில் சொல்லுங்கள்.

2019 ஆகஸ்டில் இந்தக் காரை வாங்கிய நாள் முதல் உங்களிடம்தான் பாலிசி. நான்கு ஆண்டுகள் ஒரு கிளெய்ம்கூடக் கேட்டதில்லை. அதற்காக நோ கிளெய்ம் போனஸ் என்ற பிரீமியத் தள்ளுபடியை 45 சதவீதம் தந்து நீங்களே அதை ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள். காப்பீட்டுச் சட்டத்தின் 64 வி.பி. பிரிவின்படி, பிரீமியம் முன்கூட்டியே வராமல் நீங்கள் ஒரு நாள்கூடப் பொறுப்பேற்பதில்லை. நானும் ஒரு நாள்கூடத் தாமதித்ததில்லை. நீங்கள் நீட்டிய 31,200 ரூபாயை வாங்கினால், அந்த 45 சதவீதமும் போய்விடும். அதோடு முழுத் தீர்வு என்று கையெழுத்தும் போட வேண்டும். அப்படிப்பட்ட படிவத்தில் கையெழுத்திட்டாலும் கூடுதலாகக் கேட்கும் உரிமை பாலிசிதாரருக்குப் போய்விடாது என்று 2015 செப்டம்பரிலேயே ஆணையம் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. இருந்தும், கையெழுத்து இல்லாமல் பணம் இல்லை என்று உங்கள் கிளை அலுவலகம் எங்களிடம் சொல்கிறது. மூன்றாம் மாடி ஆசிரியருக்குப் பணமுடை. அவர் கையெழுத்துப் போட்டுவிட்டார். அன்று மாலை படியில் என்னைப் பார்த்தபோது, ‘நான் ஸ்டார்ட் பண்ணேன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுச்சே சார்’ என்றார். முப்பத்திரண்டு ஆண்டுகள் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்.

வண்டிக் கடனின் கடைசித் தவணையை இந்த ஆகஸ்டில் கட்டி முடித்தேன். ஓடாத வண்டிக்கு எட்டுத் தவணைகள். ஒர்க்‌ஷாப் இதுவரை பொறுத்துக்கொண்டு, இப்போது இடவாடகை கேட்டு நோட்டீஸ் அனுப்பியிருக்கிறது. இவற்றுக்கு உங்கள் பாலிசியில் இடமில்லை என்பது எனக்குத் தெரியும். தாமதத்தின் விலை என்ன என்பது உங்களுக்கும் தெரிய வேண்டும் என்பதற்காகவே எழுதினேன்.

பாலிசி அனுமதிக்கும் கழிவுகளை நான் மறுக்கவில்லை. நான்கு வயது கடந்த வண்டியின் உலோகப் பாகங்களுக்கு 35 சதவீதம், ரப்பர், பிளாஸ்டிக், பேட்டரி ஆகியவற்றுக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிக்க வேண்டும், 1,500 சி.சி.க்கு உட்பட்ட வண்டி என்பதால் கட்டாயக் கழிவு 1,000 ரூபாய். இதெல்லாம் போக வருவது என்னவோ அதைத்தான் கேட்கிறேன். ஒப்பந்தப்படி எனக்குச் சேர வேண்டியதற்கு மேல் ஒரு ரூபாய்கூட வேண்டாம்.

ஆகவே, முதலாவதாக, சர்வே அறிக்கையின் நகலையும் டிசம்பர் 23 அன்று எடுத்த எல்லாப் படங்களையும், பானெட்டுக்குள் எடுத்தவை உட்பட, ஏழு நாட்களுக்குள் எனக்கு அனுப்புங்கள். அடுத்து, பிப்ரவரி 12 தேதியிட்ட மறுப்பைத் திரும்பப் பெற்று, முன்பு வந்தவர் அல்லாத, உரிமம் பெற்ற வேறொரு சர்வேயரை நியமித்து, மரப்பெட்டியில் இருக்கும் பாகங்களை என் முன்னிலையிலும் மெக்கானிக் முன்னிலையிலும் ஆய்வு செய்யுங்கள். அந்த ஆய்வின்படி வரும் தொகையை, ஆணைய விதி சொல்லும் வட்டியோடு, அதாவது வங்கி விகிதத்துக்கு மேல் இரண்டு சதவீதத்தோடு, முழுத் தீர்வுக் கையெழுத்து எதுவும் கேட்காமல் செலுத்துங்கள். டீசல் இன்ஜினை நான் இயக்க முயன்றதாகச் சொல்லும் பத்தி தவறானது என்று எழுத்தில் ஒப்புக்கொள்ளுங்கள். அது என் பெயரோடு உங்கள் ஆவணங்களில் நிரந்தரமாக இருப்பதை நான் ஏற்க மாட்டேன். இவை எனக்காக.

மிக்ஜாம் வெள்ளத்தின்போது இதே பத்தியைக் கொண்டு மறுக்கப்பட்ட எல்லாக் கோரிக்கைகளையும் மறு ஆய்வு செய்யுங்கள். மூன்றாம் மாடி ஆசிரியருடைய கோரிக்கையிலிருந்து தொடங்குங்கள். அவருடைய ரயில் டிக்கெட்டுகள் உங்களிடம் இருக்கின்றன. இனி வரும் பாலிசிகளில், வெள்ளத்தில் இன்ஜினுக்கு எது உண்டு, எது இல்லை என்பதைப் புதுப்பிக்கும் நேரத்திலேயே, கையொப்பத்துக்கு மேலே, தமிழில், பெரிய எழுத்தில் அச்சிடுங்கள்.

இந்த மடல் உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து முப்பது நாட்கள் காத்திருப்பேன். உங்கள் மறுப்புக்கு ஓராண்டு நிறைவதற்குள், அதாவது 2025 பிப்ரவரி 11-க்குள், சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் நான் முறையிட வேண்டும். அதற்கான மனு தயாராக இருக்கிறது. அவர் அளிக்கும் தீர்ப்பு உங்களைக் கட்டுப்படுத்தும் என்பது உங்களுக்குத் தெரியும். அங்கே போகும் முன் உங்கள் பிரிவே கோப்பைத் திறந்து, டிசம்பர் 23 அன்று எடுத்த படத்தில் பேட்டரியின் நெகட்டிவ் வயரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பச்சைத் துணியும் இரண்டு முடிச்சும் அதில் இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் பாலிசிதாரர்களில் ஒருவர்